ஐந்நூறு வரை நல்வரவு

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டில், அதாவது கழக வீட்டில், குடியேற நினைக்கும் எந்த உயிருக்கும் அனுமதி வேண்டும். பூனைக்கு 2024 செப்டம்பர் 1 வரை அந்த அனுமதி கிடையாது. அன்றைக்குத்தான் வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம் என்று ஆனது, அதுவும் வீட்டுக்கு இரண்டு. நாய் என்றால் ஒன்று, பட்டியலில் இருக்கும் 62 இனங்களில் ஒன்று. வாடகைக்கு வரும் மனிதர்கள், உறவில்லாதவர்களாக இருந்தால் ஆறு பேர். 2024 சனவரியிலிருந்து நாலறை வீட்டிலும் அதைவிடப் பெரிய வீட்டிலும் தற்காலிகமாக எட்டுப் பேர். புது வீட்டின் குளியலறை ஓட்டைப் பெயர்க்க மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். எந்த புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு என்பதற்கு 1989 முதல் கணக்கு இருக்கிறது. இத்தனை கட்டுத்திட்டம் உள்ள வீட்டுக்குள் யாரையும் கேட்காமல் வந்து, தலைக்கணக்கு இல்லாமல் பெருகி, வாடகை என்று ஒரு காசு தராமல் காலாகாலத்துக்கும் குடியிருக்கும் பேறு ஒரே ஓர் உயிருக்குத்தான் வாய்த்திருக்கிறது. அது பூசணம்.

அதை இவ்வளவு மரியாதையாக நடத்தும் தரங்களையும், அவற்றை எழுதிய நல்லவர்களையும் யாரும் வாய்விட்டுப் பாராட்டி நான் கேட்டதில்லை. உட்லண்ட்ஸ்காரன் என்ற உரிமையில் அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

உட்லண்ட்ஸ் பூசணத்துக்குத் தாய்வீடு. தீவின் வடகோடி, எதிரே ஜோகூர் நீரிணை. வானிலைக் கணக்குப்படி சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. விடியும் நேரத்தில் 90-ஐத் தாண்டும். ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டர் சொச்சம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்குள்ள மார்சிலிங்கில் மாடிக்கு மாடி கழியில் தொங்கும் துணி காய்கிற மாதிரி தெரியும், காயாது. மிச்ச ஈரம் அலமாரிக்குள் போய்க் காயட்டும் என்று மடித்து வைப்போம். பூசணம் கேட்பதும் அவ்வளவுதான்.

அதன் கைவண்ணத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் படுக்கையறை அலமாரியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் பார்க்கலாம். கழக வீட்டு அறையில் அலமாரியைச் சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று நுழையாத விரற்கடை இடம், அதுதான் கருவறை. முதலில் மிளகளவில் சாம்பல் பொட்டுகள் வரும். ஒவ்வொரு பொட்டும் வட்டமாக விரியும், நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் வெளுப்பு. பக்கத்து வட்டத்தைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். அண்டை வீட்டோடு தகராறு வைத்துக்கொள்ளாத நல்ல சாதி. விரலால் தொட்டால் மாவாக ஒட்டும். அலமாரிக்கு உள்ளே கல்யாணப் பட்டின் மடிப்பு ஓரத்தில் திருநீறு பூசினாற்போல் வெள்ளைப் படலம் இருக்கும். தோல் பெல்ட்டில் பச்சை இருக்கும். தேக்காவில் வாங்கி ஒரே ஒரு தீபாவளிக்கு உடுத்திய ஜிப்பாவின் கழுத்துப்பட்டியில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும், அவை எந்தச் சலவைக்கும் போகாது. கதவைத் திறந்ததும் ஓத வாடை முகத்தில் அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் குடியேற்றம் முடிந்து வெகுநாளாயிற்று என்று அர்த்தம்.

இதில் அறிவியல் ஒன்றும் கடினமில்லை. சிங்கப்பூர்க் காற்றிலுள்ள ஈரம் ஏறத்தாழ 24 டிகிரியில் நீராகப் படியத் தொடங்கும். அடுத்த வீட்டுப் பையன் ஏர்கானை 20-இல் வைத்துவிட்டு இரவெல்லாம் தூங்குகிறான் என்று வையுங்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மெல்ல 24-க்குக் கீழே இறங்கும். அவன் பக்கம் காற்று உலர்ந்து கிடக்கும். நம் பக்கம் சுவர் வேர்க்கும். மேல்வீட்டுத் தரை குளிர்ந்தால் நம் வீட்டு சீலிங் வேர்க்கும். குளிர்நாட்டில் வெளிச்சுவரின் உட்புறம் வேர்க்கிறது. இங்கே ஏர்கான் போடாதவன் வீட்டுச் சுவர் வேர்க்கிறது. மின்கட்டணத்துக்குப் பயந்து மின்விசிறியோடு காலம் தள்ளுகிறவன் வீட்டில் அடுத்தவன் கட்டணத்தில் பூசணம் வளர்வதைச் சமூக நீதியின் ஒரு வடிவம் என்றே சொல்ல வேண்டும்.

இனித் தரங்களுக்கு வருவோம். 1996-இல் சுற்றுப்புற அமைச்சு, அலுவலகங்களின் உட்புறக் காற்றுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2009-இல் எஸ்எஸ் 554 என்ற சிங்கப்பூர்த் தரம் வந்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். பூசணத்துக்கு அந்தத் தரத்தில் கிடைத்திருக்கும் வரவேற்பைப் பாருங்கள்: ஒரு கன மீட்டர் காற்றில் முளைக்கும் திறனுள்ள பூசண அலகு 500 வரை இருக்கலாம், அவற்றில் பெரும்பாலானவை கிளாடோஸ்போரியம் என்ற வகையாக இருந்தால். தொகையும் சொல்லியாயிற்று, இன விகிதமும் சொல்லியாயிற்று. புளோக்குக்கு புளோக் விகிதம் பார்த்துப் பழகிய ஊர் பூசணத்திலும் பாகுபாடு காட்டவில்லை.

இந்த விகிதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிளாடோஸ்போரியம் வெளியே இலை தழையில் வாழ்ந்து, காற்றோடு சன்னல் வழியாக வந்து போகும் வழிப்போக்கன். ஆஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும் உள்ளே அதிகமாகத் தென்பட்டால் சுவரில் எங்கோ ஈரம் நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் எழுதியவர்களுக்கு விஷயம் ஈரத்தில்தான் இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஈரம் நின்றால் யார் எத்தனை நாளில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை வீட்டு வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டார்கள். அறிந்ததையெல்லாம் சொல்லிவிடாத அடக்கம் சான்றோர்க்கே வரும்.

எண்ணும் முறையும் பாராட்டுக்குரியதுதான். ஆண்டர்சன் என்பவர் பெயரில் ஒரு கருவி. சிறு உருளை, மேலே 400 துளை, நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை உறிஞ்சி அடியிலிருக்கும் ஊட்டக்கூழ்த் தட்டில் மோதவிடும். சில நிமிடம் ஓட்டினால் போதும். தட்டை ஆய்வகத்தில் சில நாள் வைத்து, முளைத்து வந்த வட்டங்களை எண்ணுவார்கள். முளைத்தவை மட்டும்தான் கணக்கு. செத்த வித்தும் உடைந்த துணுக்கும் மூக்கில் ஏறினால் தும்மல், இளைப்பு எல்லாம் தரும், ஆனால் தட்டில் முளைக்காது. ஆகவே இல்லை என்று கொள்ளப்படும். அதோடு, அந்தச் சில நிமிடத்தில் சுவர் சும்மா இருந்துவிட்டால் போதும். அலமாரியை நகர்த்தாமல், மின்விசிறியைப் போடாமல், திரைச்சீலையை உதறாமல் அளந்தால், சுவர் முழுக்கக் கறுத்திருக்கும் அறையும் தேர்ச்சி பெற்றுவிடலாம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய கருணை எஸ்எஸ் 554-இன் தலைப்பிலேயே இருக்கிறது. அது குளிர்சாதனக் கட்டடங்களின் உட்புறக் காற்றுத் தரத்துக்கான நடைமுறைக் கோவை. உட்லண்ட்ஸில் உள்ள ஓர் அலுவலகத்தின் பத்தாம் மாடியில் ஒருவர் எட்டு மணி நேரம் இழுக்கும் மூச்சுக்கு எண் உண்டு, வெப்பநிலை உண்டு, ஈரப்பதத்துக்கு மேல்வரம்பு உண்டு. 1996 வழிகாட்டியே 70 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. அவர் மாலையில் எம்ஆர்டி ஏறி வீட்டுக்கு வந்து, மின்விசிறிக்கடியில், வேர்க்கும் சுவரோரம், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இழுக்கும் மூச்சுக்கு எந்த எண்ணும் இல்லை. குடும்பத்துக்குள் அரசு தலையிடலாகாது என்று நினைத்திருப்பார்கள். படுக்கையறை அந்தரங்கம் பூசணத்துக்கும் பொருந்தும்.

வீட்டைப் பற்றிக் கட்டட விதிகள் ஒன்றுமே சொல்லவில்லை என்று குறைகூறவும் முடியாது. குடியிருப்பு அறைக்குச் சன்னல் திறப்பு தரைப்பரப்பில் 5 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சன்னல் இருக்க வேண்டும். அதைத் திறந்தால் உள்ளே வரும் காற்றில் 90 விழுக்காடு ஈரம் இருந்தால் என்ன செய்வது என்று சன்னல்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிறப்பு உண்டு. உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதன் அந்தப் பக்கம் மலேசியாவில், வேலையிடங்களின் உட்புறக் காற்றுக்காக 2010-இல் வந்த நடைமுறைக் கோவையில் பூஞ்சைக்கு வரம்பு 1,000. நம் பக்கம் 500, அவர்கள் பக்கம் 1,000. அதே நீரிணை, அதே காற்று, அதே மழை. விடியற்காலையில் சோதனைச் சாவடியில் மோட்டார்சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும்போது, கடப்பிதழும் கியூஆர் குறியீடும் இல்லாமல் தலைக்கு மேலே பறந்து வரும் வித்துகள் பாலத்தின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் தம்மில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு வருகின்றன என்று கொள்ள வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடான பயணிகளைக் குடிநுழைவு அதிகாரிகளே பார்த்திருக்க மாட்டார்கள்.

எண் சொல்லும் இந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றித் தடித்த நூலே வெளியிட்டது. அத்தனை பக்கம் எழுதியும், இத்தனை வித்து வரை ஆபத்தில்லை என்று ஒரு எண்ணைச் சொல்ல அவர்களால் ஆகவில்லை. நோய்க்கும் வித்தின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைத் துல்லியமாக அளக்க முடியாது, வீட்டில் ஈரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நின்றால் சரிசெய்யுங்கள் என்று முடித்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் காற்றிலுள்ள பூஞ்சைக்கு மத்திய அரசின் வரம்பு எதுவும் கிடையாது. அவர்களுடைய சுற்றுச்சூழல் அமைப்பு, நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்து, கசிவை முதலில் அடை என்று பாட்டி வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறது. டெக்சஸ் மாநிலம் பூஞ்சை நீக்கும் தொழிலுக்கே உரிமம் வைத்திருக்கிறது; தொடர்ச்சியாக 25 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் மட்டும் உரிமம் இல்லாதவரும் கை வைக்கலாம். நியூயார்க் நகரம் 2018-இல் போட்ட சட்டத்தில், பூஞ்சைக்குக் காரணமான ஈரத்தையும் வாடகை வீட்டு உரிமையாளரே சரிசெய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. பாவம், எண்ணைச் சொல்லி நிம்மதியாக இருக்கத் தெரியாதவர்கள், சுவரைத் துடைக்க ஆளைத் தேடி அலைகிறார்கள்.

நம் ஊரில் அந்த அலைச்சல் இல்லாதபடி ஓர் ஏற்பாடு உண்டு. மேல்வீட்டுக் குளியலறையின் நீர்த்தடுப்பு தேய்ந்து கீழ்வீட்டு சீலிங்கில் கசிந்தால் பழுதுபார்க்கும் பொறுப்பு இருவருக்கும். நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் என்று ஒன்று. செலவில் வீவக பாதி, மேல்வீடு கால், கீழ்வீடு கால். கொண்டோமினியத்தில் சட்டம் கொஞ்சம் முரடு: கசிவு மேல்வீட்டிலிருந்துதான் என்று தொடக்கத்திலேயே அனுமானம் வைத்துவிடுகிறது, இல்லையென்று மேல்வீட்டார்தான் நிரூபிக்க வேண்டும். கழக வீட்டில் அந்த முரட்டுத்தனம் கிடையாது. நனைகிறவனும் நனைக்கிறவனும் சரிபாதி. எங்கள் மேல்வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி, புளோக்குக்கே மக்சிக். நோன்புப் பெருநாளைக்குக் கேத்துப்பாட் வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். கசிவைப் பற்றிப் பேசப் போனால் மக்சிக் முதலில் தேநீர் வைப்பார். பிறகு, மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறான், அவன் வந்ததும் பார்ப்போம் என்பார். குளியலறைத் தரையை உடைத்தால் அத்தனை நாள் எங்கே குளிப்பேன் என்று அவர் கேட்கும் கேள்விக்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. மரியாதையுள்ள மனிதர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சீலிங்கில் கறுப்பு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நல்லெண்ணம் மேலும் கீழும் நிறைய இருக்கிறது. இல்லாதது ஒரு கெடு.

அந்தத் திட்டத்தில் கசிவு இருக்கிறது, காரை உதிர்வது இருக்கிறது. பூசணம் இல்லை. குழாயும் உடையாமல், தரையும் ஒழுகாமல், சுவர் தானாக வேர்த்து வந்த பூசணமாக இருந்தால் அதற்குத் தாய் தகப்பன் கிடையாது. அப்போது கிடைப்பது அறிவுரை. சன்னலைத் திறந்து வையுங்கள். துணியை உள்ளே காயப்போடாதீர்கள். சமைக்கும்போது ஆவியை வெளியே விடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ப்ளீச் போட்டுத் துடையுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல வார்த்தைதான். சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும்: சோறு வடிக்காமல், துணி துவைக்காமல், வெந்நீரில் குளிக்காமல், மூச்சையும் கொஞ்சம் குறைத்து விட்டுக்கொண்டு வாழத் தெரிந்த குடும்பத்தின் வீட்டில் பூசணம் வராது.

வாடகைக்கு இருப்பவர்கள் இந்த நல்வாழ்வுக்கு இன்னும் அருகில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், இங்கே கப்பல் பட்டறையில் வேலை. காமன் ரூம் ஒன்றில் இன்னொருவரோடு இருந்தான். விளம்பரத்திலேயே எல்லாம் இருந்தது: சமையல் கூடாது, ஏர்கான் இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டும். துணி காயப்போட வெளிக்கழியில் இடம் தரவில்லை; சீருடை அறைக்குள்ளேயே கொடியில் தொங்கும். பத்திலிருந்து ஆறு வரை சுவர் குளிரும், ஆறிலிருந்து பத்து வரை மூடிய அறையில் ஈரத் துணி ஆவி விடும். பூசணம் வளர்க்க ஆய்வகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கான கால அட்டவணை வைக்க மாட்டார்கள். வீட்டைக் காலி செய்யும்போது உரிமையாளர் சுவரைக் காட்டி, "நீ ஈரத்துணி போட்டதாலதான் இப்படி ஆச்சு" என்று முன்பணத்தில் பெயின்ட் செலவைக் கழித்துக்கொண்டார். தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, சுவத்துக்கும் சேத்துதான் வாடகை குடுத்தேன்" என்றான். அவன் சுவருக்குத்தான் கொடுத்தான். பூசணத்துக்கான வாடகை தனி என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

உன் வாழ்க்கை முறையால்தான் வந்தது என்று சொல்லும் இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சமூக வாடகைக் குடியிருப்பு ஒன்றில் ஆவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். இரண்டு வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் பூஞ்சை என்று தகப்பன் 2017-லேயே சொல்லியிருந்தார். அதன்மேலேயே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சூடானிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் குளிக்கும் விதமும் சமைக்கும் விதமும்தான் காரணமாயிருக்கும் என்று வீட்டு நிர்வாகம் தானாக முடிவு கட்டிக்கொண்டது. நீண்ட நாள் பூஞ்சைக் காற்றில் இருந்ததால் வந்த கடுமையான சுவாச நோயே சாவுக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்புச் சொன்னார். இந்த இடத்தில் எனக்குப் பாராட்ட ஒன்றும் அகப்படவில்லை.

அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. 2023-இல் நிறைவேறி, 2025 அக்டோபர் 27 முதல் சமூக வாடகை வீடுகளுக்கு நடப்புக்கு வந்திருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். பெரிய அளவில் ஈரமோ பூஞ்சையோ இருந்தால் பத்து வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து உண்டு என்று தெரிந்தபின் ஐந்து வேலைநாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் இந்தக் கெடுக்களில் கன மீட்டருக்கு இத்தனை என்ற பேச்சே இல்லை. ஆண்டர்சன் கருவி இல்லை, ஊட்டக்கூழ்த் தட்டு இல்லை. வெறும் நாட்கணக்கு. நம்முடைய தரத்தின் அறிவியல் அழகோடு ஒப்பிட்டால் மளிகைக்கடை நோட்டுத்தான்.

நம் ஊரில் இந்த வெற்றிடத்தைச் சந்தை நிரப்பிக்கொண்டது என்பதையும் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவனாவேன். பூசணம் நீக்குகிறோம் என்று ஆட்கள் வருகிறார்கள். பூச்சிமருந்து அடிக்க உரிமம் வேண்டிய ஊர் இது. பூசணத்துக்கென்று தனி உரிமம் கிடையாது என்பதால் திறமைக்குத் தடையில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் முகமூடியும் தெளிப்பானுமாக அறை முழுக்கப் புகை விட்டார். அலமாரியை நகர்த்தச் சொன்னேன். புகை பின்னாலும் போகும் என்றார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற கருவி ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அது ப்ளம்பர் வேலை சார்" என்றார். ப்ளம்பர் வந்து, குழாயில் கசிவில்லை, இது பெயின்ட் வேலை என்றார். பெயின்டர் வந்தார், கறுப்பு வட்டங்கள்மேல் பூசண எதிர்ப்பு பெயின்டை இரண்டு கோட் அடித்து, "இனி அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேணாம்ணே" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் சொன்ன ஐந்து ஆண்டில் முதல் பருவமழை முடிவதற்குள் வட்டங்கள் மேலே எழும்பி வந்தன, முன்பு சாம்பலாக இருந்தவை வெள்ளைப் பின்னணியில் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. பூசணத்துக்கு பெயின்ட் ஒரு புதுத் தாள். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும், அடியிலிருக்கும் ஈரத்தை எடுக்காமல் மேலே என்ன பூசினாலும் திரும்ப வரும் என்பதெல்லாம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2001-லேயே பள்ளிகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அச்சிட்டுக் கொடுத்த பாடம். எங்கள் வீட்டுக்கு வந்த மூவரும் நேர்மையானவர்கள்; அவரவர் வேலையை அவரவர் எல்லைக்குள் செய்தார்கள். ஈரம் எல்லைகளுக்கு நடுவே குடியிருந்தது.

இதற்கிடையில் குளியலறை சீலிங்கில் கசிவு சொட்டத் தொடங்கிவிட்டது. மக்சிக்கின் மகன் இன்னும் வரவில்லை. சொட்டுக்கு நேர்கீழே ஒரு வாளி வைத்தேன். ஒருநாள் காலை, கொசு சோதனைக்கு வந்த இளைஞர் கதவைத் தட்டினார், கழுத்தில் அட்டை, கையில் டார்ச். பூந்தொட்டித் தட்டு, கழி செருகும் குழாய், எல்லாம் பார்த்துவிட்டுக் குளியலறைக்கு வந்தார். டார்ச் வெளிச்சம் முதலில் சீலிங்கில் பட்டது. மூலையிலிருந்து விளக்கு வரைக்கும் கறுப்பும் பச்சையுமாக முழு வட்டாரமும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு நொடி பார்த்தார். பிறகு வெளிச்சம் கீழே வாளிக்கு இறங்கியது. குனிந்து, கூர்ந்து, தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார்.

"அங்கிள், இதுல புழு இல்ல, நல்ல வேளை. இருந்திருந்தா இருநூறு வெள்ளி ஃபைன். தண்ணி தேங்க விடாதீங்க."

"தம்பி, தண்ணி மேலேருந்து வருது."

"தெரியுது அங்கிள். ஆனா வாளி உங்களுது."

அவர் சொன்னது சரிதான், சட்டமும் அப்படித்தான். சீலிங்கில் இருக்கும்வரை அந்த நீர் நல்லெண்ணத்தின் கீழ் வருகிறது. வாளியைத் தொட்டதும் 1998-ஆம் ஆண்டின் நோய்பரப்பிகள், பூச்சிக்கொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சொட்டு இப்போது நேராகத் தரையில் விழுகிறது, முழுக்கச் சட்டப்படி.